யாருக்கு இது?

தீபாவளிக்கு இரண்டே நாள் இருந்தபோது என் புலனத்துக்கு ஒரு பட்டியல் வந்தது. ‘கடைசி நேரத்தில் கடைக்கு ஓடுபவர்களுக்கு, ஐம்பது வெள்ளிக்குள் வித்தியாசமான பரிசுகள்’ என்று தலைப்பு. குறள் அச்சடித்த கோப்பை, பாரதியின் மீசை மட்டும் போட்ட பனியன், பெயர் பொறித்த சாவிக்கொத்து, மல்லிகை மணக்கும் மெழுகுவர்த்தி, கைப்பேசியைத் தும்பிக்கையில் தாங்கும் யானை. பத்தாவதாக, ‘இதில் எதுவும் பிடிக்கவில்லையா? கவலை வேண்டாம், இருக்கவே இருக்கிறது ஹேம்பர்’ என்று பட்டியல் முடிந்திருந்தது.

அனுப்பியவர் நல்ல வாசகர், என் நண்பர். கீழே ஒரு குறிப்பும் போட்டிருந்தார்: “தோட்டத்து ஜனங்களுக்கு எப்பவுமே கடைசி நேரம்தானே சார், உங்க பக்கம் கொஞ்சம் பகிருங்க.” பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை.

அந்தச் சிரிக்கும் பொம்மைக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

நான் இருப்பது செகிஞ்சான். பிறந்து வளர்ந்தது கோலசிலாங்கூர் பக்கம், புக்கிட் ரோத்தானை ஒட்டிய ஒரு தோட்டத்தில். செகிஞ்சான் என்றதும் கோலாலம்பூர் ஆட்களுக்கு வயல் ஞாபகம் வரும், கடல் உணவு ஞாபகம் வரும், ரெடாங் கடற்கரையில் ஆசையை எழுதிச் சிவப்பு நாடாவில் கட்டி மரத்தின் மேல் எறிந்துவிட்டுப் போவது ஞாபகம் வரும். ஹாங்காங் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை இங்கே வந்து எடுத்துப் போனார்கள். அதன் பிறகு சனி ஞாயிறுகளில் சாலையைக் கடக்க முடிவதில்லை. ஆனால் இங்கிருந்து தெற்கே ஐந்தாம் எண் சாலையைப் பிடித்து தஞ்சோங் காராங்கைத் தாண்டி கோலசிலாங்கூர், அங்கிருந்து உள்ளே திரும்பி அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று போனால் வருவது வேறு உலகம். அங்கே செம்பனை நிற்கிறது. அதற்குள்ளே இன்னும் கொஞ்சம் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நண்பர் ‘கடைசி நேர ஜனங்கள்’ என்கிறார்.

முதலில் இந்தக் ‘கடைசி நேரம்’ என்கிற கதையைப் பார்த்துவிடுவோம்.

நாம் அதை ஒரு இனத்தின் குணம் போலவே பேசிப் பழகிவிட்டோம். மேடையில் ஏறுகிறவர்களுக்கு அது கைதட்டல் வாங்கும் நகைச்சுவை. “சீனன் ஒரு மாசத்துக்கு முன்னாடியே வாங்கி முடிச்சிடுவான், நம்மாளு முதல் நாள் ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் கிள்ளான்ல சட்டை பொறுக்குவான்.” எல்லாரும் சிரிப்பார்கள். யாரும் சம்பளத் தேதி எது என்று கேட்பதில்லை.

1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் அந்த ஏழாம் தேதிதான் பண்டிகை, ஏகாதசி எல்லாமே. தீபாவளியோ அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் எங்கே வேண்டுமானாலும் விழும். 2021-இல் நவம்பர் 4. ஏழாம் தேதிக்கு மூன்று நாள் முன்னால். 2023-இல் நவம்பர் 12. கையில் காசு வந்து ஐந்தாம் நாள். 2024-இல் அக்டோபர் 31. மாதக் கடைசி, கையில் ஒன்றும் மிஞ்சாத நாள். 2025-இல் அக்டோபர் 20. இந்தத் தேதிகளை ஒரு மாதக் கூலிக்காரனின் கண்ணால் பாருங்கள். ஏழாம் தேதிக்கு முன்னால் தீபாவளி வந்தால் கையில் இருப்பது முன்பணம். அதையும் எப்போது கொடுப்பார்கள்? விடுமுறைக்கு முதல் நாள், அல்லது அதற்கு முதல் நாள். சாயந்திரம் நாலு மணிக்குக் கைக்கு வந்த காசை எடுத்துக்கொண்டு ஒருவன் அன்று ராத்திரிதான் கடைக்குப் போக முடியும். ஒரு மாதம் முன்பே வாங்கு என்றால், எதைக் கொடுத்து வாங்குவது?

அதற்கு இன்னொரு வழி இருந்தது. 555 புத்தகம். உள்ளங்கை அளவு குட்டி நோட்டு. தோட்டத்துக் கடைக்காரர் அதில் நம் பற்றைக் குறித்துவைப்பார். அந்தப் புத்தகத்தில் மாவு வாங்கலாம், எண்ணெய் வாங்கலாம், சீனி வாங்கலாம். பரிசு வாங்க முடியாது. கடன் புத்தகத்தில் பரிசு என்று எழுத யாருக்கும் மனசு வராது. சம்பளம் வந்து, பற்றைத் தீர்த்து, மிச்சத்தைப் பார்த்து, அப்புறம்தான் பரிசு.

இதற்குள் இன்னொரு கணக்கும் உண்டு. தீபாவளிச் சந்தையில் முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் விலை விழும். விற்காத துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு போக வியாபாரிக்கு மனசு இருக்காது. ‘லெலோங், லெலோங்’ என்று தொண்டை கிழியக் கத்துவான். அம்மா அந்தக் குரலுக்காகவே காத்திருப்பார். நாலு பிள்ளைக்குத் துணி எடுக்க வேண்டியவர் ஒன்பது மணிக்கு எடுத்தால் மூன்று பேருக்குத்தான் வரும், பதினொன்றரைக்கு எடுத்தால் நாலு பேருக்கும் வரும். இதைச் சோம்பேறித்தனம் என்று மேடையில் சொல்கிறவர்கள் ஒருமுறை அம்மாவோடு போய் அந்தச் சந்தையில் நின்றிருக்க வேண்டும்.

ஆக, கடைசி நேரம் எங்கள் குணமல்ல. எங்கள் சம்பளக் கணக்கு. அதை வைத்துச் சிரிப்பவர்கள் கூலியை வைத்துச் சிரிக்கிறார்கள்.

இப்போது ஹேம்பருக்கு வருகிறேன். வருவதற்கு முன் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட வேண்டும். நானும் ஹேம்பர் வாங்கிக் கொடுத்தவன்தான்.

கோலாலம்பூரில் வேலை கிடைத்த இரண்டாவது வருஷம். தீபாவளிக்கு முதல் நாள் ஆறு மணிக்கு மேல்தான் அலுவலகத்தை விட்டுக் கிளம்ப முடிந்தது. அப்பாவுக்கு ஒன்றும் வாங்கவில்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஹேம்பர்கள். மின்னும் தாளில் சுற்றி, மேலே ஊதா நிற நாடா கட்டி, கோபுரம் மாதிரி. இருந்ததில் பெரியதை எடுத்துக்கொண்டேன். காடியின் முன் இருக்கையில் வைத்து அதற்கு இடுப்பு வாரும் போட்டுக் கொண்டுபோனேன்.

அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் இறக்கி வைத்ததைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு கேட்டார்: “யாருக்குடா இது?”

“உங்களுக்குத்தான்ப்பா.”

“எனக்கா?” என்றார். கோபம் ஒன்றும் இல்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. வேறு யார் வீட்டுக்கோ கொடுக்க வாங்கிவந்ததை வழியில் இங்கே வைக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

அம்மா மறுநாள் பிரித்தார். ஒரு தீன் பிஸ்கட், ஒரு புட்டி செந்நிறச் சர்க்கரைப் பானம், சாக்லேட் பெட்டி, உப்புக் கடலை, டப்பாவில் அடைத்த லிச்சி, என்னவென்றே தெரியாத ஒரு சாஸ். வீட்டில் இரண்டு பேருக்கும் இனிப்பு நீர். அடியில் பாதிக் கூடைக்கு மலாய் நாளிதழைக் கசக்கித் திணித்திருந்தார்கள், உயரம் தெரிவதற்காக. சாமான்களை ஒவ்வொன்றாகக் கடை விலையில் கூட்டிப் பார்த்தேன். நான் கொடுத்த காசில் பாதிக்குச் சற்று மேலே வந்தது. மிச்சம் தாளுக்கும், நாடாவுக்கும், கசங்கிய காகிதத்துக்கும், நான் யோசிக்காமல் இருந்ததற்கும் கொடுத்த விலை.

கூடை மட்டும் உபயோகப்பட்டது. அதில் கோழி அடைகாத்தது.

‘யாருக்கு இது?’ என்ற அந்தக் கேள்வியை அன்றிலிருந்து எந்தப் பரிசைப் பார்த்தாலும் கேட்கிறேன். ஒரு பரிசுக்குத் தேர்வு வைப்பதென்றால் எனக்குத் தெரிந்து அந்த ஒரே கேள்விதான். விலை என்ன, எப்போது வாங்கினாய், வித்தியாசமாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். ஹேம்பர் இந்தக் கேள்வியில்தான் தோற்கிறது. அது யாருக்கும் ஆனதல்ல. யாருக்கு வேண்டுமானாலும் போகலாம் என்றுதான் அதைச் செய்கிறார்கள். பெறுகிறவரைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் கொடுக்க முடிவதுதான் அதன் வசதி. அந்த வசதிக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

தனி மனிதன் அவசரத்தில் செய்தால் அது அசட்டுத்தனம். அதையே ஊர் கூட்டி, மேடை போட்டு, பதாகை கட்டிச் செய்தால் என்ன பெயர்?

தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் பக்கம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் அந்தக் காட்சி. நெகிழி நாற்காலியில் தோட்டத்துக் கிழவிகள் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒய்.பி. தாமதமாக வருவார். பேசுவார். பிறகு பெயர் கூப்பிடுவார்கள். கிழவி மேடை ஏற, கூடையின் ஒரு பக்கத்தை அவரும் மறு பக்கத்தை இவரும் பிடிக்க, படம். படம் சரியாக வரவில்லை என்றால் கிழவி இன்னொரு முறை பிடிக்க வேண்டும். கூடையில் ஒட்டிய தாளில் ஒய்.பி. சிரிக்கிறார், அதில் வாங்குகிறவரின் பெயருக்கு இடமே கிடையாது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் துணியின் நிறம் மாறும், கூடை மாறாது.

எங்கள் வட்டாரத்துக்குக் கடைசி நேரப் பரிசுகளில் நல்ல அனுபவம் உண்டு. 2007 ஏப்ரல் 28-இல் ஈஜோக் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. ம.இ.கா. உறுப்பினர் காலமானதால் வந்த தேர்தல். அந்தச் சில வாரங்களில் பல வருஷமாக மனுப் போட்டும் வராத தார் சாலைக்கு வந்தது, தெருவிளக்கு வந்தது. உணவும் பானமும் பொருளும் கொடுத்து வாக்கு வாங்குவது 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். சாலை போடுவது குற்றமில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். ம.இ.கா. வேட்பாளர் பார்த்திபன் வென்றார். அடுத்த ஆண்டு மார்ச்சில் பொதுத்தேர்தல் வந்தபோது, அதே ஈஜோக், முதல் தடவை தோற்ற காலிட் இப்ராஹிமைத் தேர்ந்தெடுத்தது. அவர்தான் சிலாங்கூரின் மந்திரி பெசார் ஆனார். பரிசு வாங்கினால் விலை போய்விடுவார்கள் என்று ஜனங்களை நினைத்தவர்களுக்கு எங்கள் ஆட்கள் கொடுத்த பதில் அது. இவர்கள் அதிலிருந்தும் எதையும் படிக்கவில்லை. இன்னும் கூடைதான் கட்டுகிறார்கள்.

உடனே ஒரு குரல் வரும் என்று தெரியும். “ஏழைக்கு ஏதோ கிடைக்குது, அதையும் ஏன் சார் கெடுக்கிறீங்க? உங்களுக்கு எழுத வேற விஷயமே இல்லையா?”

கொடுப்பதை நான் கெடுக்கவில்லை. நூறு வெள்ளி கொடுக்க மனசிருந்தால் நூறு வெள்ளியை உறையில் போட்டுக் கொடுங்கள். சீனர்கள் சிவப்பு உறையிலும் மலாய்க்காரர்கள் பச்சை உறையிலும் கொடுக்கிறார்கள். நம் வீடுகளிலும் பிள்ளைகளுக்கு உறை கொடுக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. மாநில அரசு பண்டிகைக்குப் பற்றுச்சீட்டு கொடுக்கிறது. வாங்கியவர் கடைக்குப் போய்த் தனக்கு வேண்டியதைத் தானே எடுக்கிறார். மருமகளுக்கு ஒரு கைலி வேண்டுமா, சமையல் எண்ணெய் வேண்டுமா என்பது அந்தக் கிழவிக்குத் தெரியும். ஹேம்பர் என்பது அவர் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கழித்துவிட்டுக் கொடுக்கும் காசு. 2025 பிப்ரவரியிலிருந்து இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தக் காசில் ஒரு குடும்பத்தை ஒரு மாதம் ஓட்டத் தெரிந்தவருக்கு, நூறு வெள்ளியில் என்ன வாங்குவதென்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

சிலாங்கூரில் 2017-லிருந்து கடையில் நெகிழிப் பை கேட்டால் 20 காசு கட்ட வேண்டும். பூமியைக் காப்பாற்றவாம். நல்லது. அதே சிலாங்கூரில் ஒரு தீபாவளிக்கு மேடை மேடையாகச் சுற்றிக் கொடுக்கும் மின்னும் தாளுக்கு எத்தனை காசு கட்டுகிறார்கள்?

அரசியல்வாதியைத் திட்டுவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்த்துவிடலாம். இந்த இதழைப் படிக்கும் நாமெல்லாரும் இலக்கியக்காரர்கள். நம் ஹேம்பர் எது தெரியுமா? பொன்னாடை.

கூட்டத்துக்கு முதல் நாள் சாயந்திரம் செயலாளருக்கு ஞாபகம் வரும். மஸ்ஜித் இந்தியாவிலோ கிள்ளான் லிட்டல் இந்தியாவிலோ ஒரே நிறத்தில் பத்து வாங்குவார். எழுத்தாளருக்கு ஒன்று, தலைமை தாங்கியவருக்கு ஒன்று, மண்டபத்துக்கு அனுமதி கொடுத்தவருக்கு ஒன்று. போர்த்தி, படம் எடுத்து, மடித்து, கையில் கொடுத்துவிடுவோம். அதைக் கட்ட முடியாது, உடுத்த முடியாது, துடைக்கவும் ஆகாது, தண்ணீரை உறிஞ்சாது. என் அலமாரியில் பதினொன்று இருக்கிறது. அதில் இரண்டை நானே வேறு கூட்டங்களில் வேறு ஆட்களுக்குப் போர்த்தியிருக்கிறேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அவை இப்போது எந்த அலமாரியில் இருக்கின்றனவோ.

பொன்னாடையை விட மோசமானது, நூல் வெளியீட்டில் ‘முதல் நூல்’ வாங்கும் சடங்கு. டத்தோ வருவார், உறையைக் கொடுப்பார், முதல் நூலைப் பெறுவார், நூலைப் பற்றி யாரும் பேச ஆரம்பிக்கும் முன் கிளம்பிவிடுவார். அந்தப் புத்தகம் அவர் காடியின் பின்பெட்டியில் மற்ற முதல் நூல்களோடு படுத்திருக்கும். ஒரு புத்தகத்தை அதைப் படிக்கவே போகாத ஒருவருக்கு முதலில் கொடுக்கும் பழக்கத்தை நாமே கண்டுபிடித்து, அதற்குக் கைதட்டவும் செய்கிறோம். யாருக்கு இது என்று அந்த மண்டபத்தில் ஒருவர் கேட்டிருந்தால் தெரியும்.

இனி அந்த ‘வித்தியாசமான’ என்கிற சொல். பட்டியல் போட்டவர்களுக்கு வித்தியாசம் என்றால் கோப்பையில் குறள் இருப்பது. வள்ளுவர் காப்பி குடிக்க வந்துவிட்டார், சரி. ஆனால் அந்தக் கோப்பை கோலாலம்பூரிலும் அதேதான், சென்னையிலும் அதேதான், டொரொன்டோவிலும் அதேதான். எங்கும் ஒரே மாதிரி கிடைப்பதற்கு வித்தியாசம் என்று பெயர் வைத்தது யார்?

விசித்திரம் வேண்டுமென்றால் எங்கள் பக்கம் வாருங்கள். இந்தச் செம்பனை இருக்கிறதே, அது மலாயாவுக்கு 1870-களில் வந்தபோது அழகுக்கு வைக்கும் மரம். வேடிக்கை பார்க்க வைத்த ஒரு செடி. பிறகு ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமாரம் தோட்டத்தில் அதை வணிகத்துக்காக நட்டார். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். அந்த மனிதர் எங்கள் வட்டார வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு கிடைத்தது. ஒரு அலங்காரச் செடி ரப்பரைத் தின்று, லயத்தைத் தின்று, எங்களைத் தாமான் வீட்டுக்குத் தள்ளியிருக்கிறது. இதைவிட விசித்திரமான ஒன்றை எந்தப் பரிசுக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

தோட்டத்தில் பரிசு இல்லையா? இருந்தது. அதற்குப் பரிசு என்று பெயர் இல்லை, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயந்திரம், பலகாரம் சுட்ட கையோடு, அம்மா தட்டு அடுக்குவார். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை. மேலே ஒரு துண்டு. எந்தத் தட்டு யாருக்கு என்பது அவர் மனசில் இருக்கும். பல் போன பாட்டிக்கு முறுக்கு வைக்க மாட்டார், நெய் உருண்டை இரண்டு கூட வைப்பார். இனிப்பு நீர்க்காரர் வீட்டுக்கு ஓமப்பொடி. அந்த வருஷம் சாவு விழுந்து எண்ணெய்ச் சட்டி வைக்காத வீட்டுக்கு முதல் தட்டு, அதுவும் நிறைய. மலாய்க்கார அண்டை வீட்டுக்கு வீட்டில் ஆட்டுக்கறி கொதிக்கத் தொடங்கும் முன்பே கொடுத்தனுப்பிவிடுவார். தட்டு ஒருபோதும் காலியாகத் திரும்பாது. கொஞ்சம் சீனியோ, ரெண்டு முட்டையோ, ஒரு தீப்பெட்டியோ வந்து சேரும்.

இதையும் கடைசி நேரத்தில்தான் செய்தார்கள். காசும் அதிகமில்லை. ஆனால் அந்தத் தட்டைப் பார்த்து யாரும் ‘யாருக்கு இது’ என்று கேட்டதில்லை. கேட்க வேண்டியதே இல்லை. என்ன வைத்திருக்கிறது, என்ன வைக்காமல் விட்டிருக்கிறது என்பதிலேயே ஆளின் பெயர் இருந்தது. கடைசி நேரத்தையும் குறைந்த காசையும் பரிசுக்கு எதிரி என்று சொல்கிறவர்களுக்கு அம்மாவின் தட்டுதான் என் சாட்சி. அதற்கு வேண்டியது ஒரு வருஷம் முழுக்க அடுத்த வீட்டைக் கவனித்திருப்பது. அதை மட்டும் கடைசி நேரத்தில் செய்ய முடியாது, எந்தக் கடையிலும் வாங்கவும் முடியாது.

“சரி சார், திட்டினது போதும், என்னதான் வாங்குறது?” என்று நண்பர் கேட்பார். நியாயம். பட்டியலைத் திட்டுகிறவன் ஒரு பட்டியலாவது கொடுக்க வேண்டும். செகிஞ்சானிலிருந்து என் பட்டியல் இது.

அரிசி. செகிஞ்சானில் ஆண்டுக்கு இரண்டு போகம். ஆலைக்காரர்கள் நடத்தும் நெல் காட்சியகத்திலேயே சிறு பொட்டலமாகக் கிடைக்கும். தோட்டத்தில் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிச் சாப்பிட்ட ஒருவருக்கு, அவர் வாழ்நாளெல்லாம் பேருந்துச் சன்னலில் பார்த்த வயலின் அரிசியைக் கொடுத்துப் பாருங்கள். அதைச் சமைக்கும் முன் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பார்.

கருவாடு, காய்ந்த நெத்திலி. கோலசிலாங்கூரிலும் தஞ்சோங் காராங்கிலும் மீனவர் கம்பத்துக் கடைகளில் கிடைக்கும். காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள், மின்னும் தாள் வேண்டாம். நகரத்தில் மாடி வீட்டில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தால் அக்கம்பக்கத்துக்கு வாசனை போகும், அவளுக்கு ஊர் ஞாபகம் வரும். இரத்தக் கொதிப்புள்ள மாமனாருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அந்த வித்தியாசத்தை யோசிப்பதுதான் பரிசு.

முருங்கைக் கொம்பு ஒன்று, அல்லது கறிவேப்பிலைக் கன்று ஒன்று. தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டு வந்தது கொல்லை மரத்தைத்தான். பழைய இடத்தில் அந்த மரம் இன்னும் நின்றால், போய் ஒரு கிளையை வெட்டி வந்து கொடுங்கள். காசே வேண்டாம். நடுவதற்குக் கூட நில்லுங்கள்.

ஒரு படம். எல்லார் வீட்டிலும் தகரப் பெட்டியின் அடியில் கரையான் அரிக்காத இரண்டு படமாவது இருக்கும். கோயில் திருவிழா, பள்ளிக்கூட வரிசை, லயத்து வாசல். படம் பிடித்து, கடையில் பெரிதாக அச்சடித்து, பின்பக்கத்தில் யார் யார் என்று பெயர் எழுதிக் கொடுங்கள். பெயர் எழுத அந்தப் படத்தில் இருப்பவரிடமே போய்க் கேட்க வேண்டியிருக்கும். அந்த அரை மணி நேரம் அவருக்கு இன்னொரு பரிசு.

ஒரு புத்தகம். டத்தோவுக்கு அல்ல, படிப்பவருக்கு. அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ இருக்கிறது, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்களிலிருந்து ரயில் போடப் பிடித்துப்போன ஒருவராவது நம் குடும்பங்களில் இருப்பார். அவருடைய பேரனுக்குக் கொடுங்கள். முதல் பக்கத்தில், ஏன் இதை உனக்குத் தருகிறேன் என்று இரண்டு வரி கையால் எழுதுங்கள். எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால் அது அவனுக்கான புத்தகம் இல்லை, வேறு எடுங்கள்.

கடைசியாக ஒன்று. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றின் மேல் ராத்திரி சம்பானில் கூட்டிப்போவார்கள். கரையோர பெரெம்பாங் மரங்களில் மின்மினி. எங்கெங்கிருந்தோ வெள்ளைக்காரர்களும் ஜப்பானியர்களும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அரை மணி நேர தூரத்தில் ஆயுள் முழுவதும் உழைத்தவர்களில் எத்தனை பேர் அந்தச் சம்பானில் ஏறியிருக்கிறார்கள்?

ஹேம்பர் கொடுத்த பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி அப்பாவைக் கூட்டிப்போனேன். அன்றும் ஒன்றும் வாங்கவில்லை; அன்றும் கடைசி நேரம்தான். சம்பான்காரர் துடுப்பை நிறுத்தினார். மரம் முழுக்க ஒரே நேரத்தில் மின்னியது. அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு சொன்னார்: “விடியக்காலம் பெரட்டுக்குப் போறப்ப ஆத்துப் பக்கம் இதைப் பாத்திருக்கேன்டா. அப்ப நின்னு பாக்க நேரமில்ல.”

நான் அவருக்கு மின்மினியைக் காட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அவருக்கு இல்லாமல் இருந்தது நிற்க நேரம்.

நண்பரே, உங்கள் பட்டியலை நான் யாருக்கும் பகிரவில்லை. அடுத்த தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது உங்களுக்குக் கை பரபரத்தால், கடைக்கு ஓடும் முன் உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு போன் போடுங்கள். என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள்; “ஒண்ணும் வேணாம்ப்பா, நீ வந்தா போதும்” என்றுதான் சொல்வார்கள். என்ன சாப்பிட்டீர்கள், கால் வலி எப்படி, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பத்து நிமிஷம் பேசுங்கள். பேசி முடிக்கும்போது என்ன வாங்குவதென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்போதும் தெரியவில்லை என்றால் உறையில் காசு வையுங்கள்.